தேர்தல் ஆண்டின் ‘திடீர்’ வருகை: சரக்கு எப்படி?

தேர்தல் ஆண்டில் பதவியில் இருப்பவர் ஒரு கிடங்குக்கோ பள்ளிக்கோ ‘சும்மா எட்டிப் பார்க்க’ வருகிறார் என்றால், அவருக்கு முன்பே ஒரு முன்னேற்பாட்டுக் குழு அங்கே வந்துபோயிருக்கும். அந்தக் குழுவின் சேவையைத்தான் இங்கே எடைபோடுகிறோம். மாலைச் செய்திக்கு இருபது விநாடிக் காட்சி போதும் என்பவர்களுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். மக்களோடு கலந்து பழகினார் என்ற பெயர் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்றரைதான். இவர்கள் தயாரித்துத் தருவது கேமரா சட்டகத்துக்குள் இருப்பதை மட்டும். சட்டகத்துக்கு வெளியே நடப்பதற்கு உத்தரவாதம் கிடையாது, கெடுவதெல்லாம் அங்கேதான்.

வேலை தலைகீழாகத் தொடங்கும். முதலில் கேமரா மேடை, பேசுபவரின் இடம் அப்புறம். லென்ஸ் அவர் கண் மட்டத்துக்கு வரும்படி மேடையை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் கூட்டத்தின் தலைகள் மறைக்கும். நேர் கேமராவில் தெரியும் பின்னணி வேறு, பக்கவாட்டுக் கேமராவில் தெரிவது வேறு, இரண்டையும் தனித்தனியாகச் சோடிக்க வேண்டும். பேனரில் எழுத்து ரொம்பப் பெரிதாக இருந்தால் நெருக்கக் காட்சியில் பாதி வெட்டுப்பட்டு வில்லங்கமான வார்த்தையாகிவிடும். ஒரே முழக்கத்தைச் சின்ன எழுத்தில் திரும்பத் திரும்ப அச்சடிப்பது அதனால்தான். எங்கே வெட்டினாலும் ஒன்றாவது முழுசாக விழும். ‘வெளியே செல்லும் வழி’ என்ற விளக்குப் பலகை தலைவர் தலைக்கு நேர் மேலே எரிவது இந்தத் தொழிலின் பழைய சாபம். ஒத்திகையில் அதே உயரத்தில் ஒருவரை நிற்கவைத்துப் பார்த்தால் தவிர, இது கண்ணில் படாது.

இதில் கைதேர்ந்தவர்கள் அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷிடம் இருந்தார்கள். 2003 ஜனவரியில் செயின்ட் லூயிஸில் ஒரு கிடங்கில் பொருளாதாரம் பற்றிப் பேச்சு. ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று போட்ட பெட்டிகள் அடுக்கியிருப்பதுபோல் பின்னால் ஒரு அச்சுத் திரை. சுற்றிலும் இருந்தவை நிஜப் பெட்டிகள், அவற்றில் ‘சீனத் தயாரிப்பு’ என்றிருந்த இடங்களை ஒட்டுத்தாள் மறைத்திருந்தது. திரையில் எல்லாம் கச்சிதம். அரங்கில் இருந்த நிருபர்கள் ஒட்டுத்தாளைக் கவனித்துவிட்டார்கள். யாரோ தொண்டரின் ஆர்வக்கோளாறு என்று விளக்கம் வந்தது.

அதே ஆண்டு மே 1 அன்று ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பலில் புஷ் பேசிய நிகழ்ச்சியைப் பாடமாகவே வைக்கலாம். சான் டியாகோவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. கரை படத்தில் விழாதபடி கப்பலின் திசையைப் பார்த்துக்கொண்டார்கள். சாயங்கால வெயில் நேரே முகத்தில். தொழில் சுத்தம். கோளாறு, ‘பணி முடிந்தது’ என்ற பேனரில். இராக் போர் முடியவில்லை. மாலுமிகளின் யோசனை என்றார்கள், பிறகு தயாரித்துக் கொடுத்தது வெள்ளை மாளிகை என்று ஒப்புக்கொண்டார்கள். 2004 தேர்தலுக்குச் சேர்த்துவைத்த காட்சி எதிர்த்தரப்பின் கைச்சரக்கு ஆனது. பேச்சைத் திருத்தி வெளியிடலாம், படத்தில் தொங்கும் பேனரை என்ன செய்வது? அடுத்த ஆண்டும் செல்லுபடியாகும் வாசகத்தை மட்டும் அதில் போடுங்கள்.

நாற்காலிக் கணக்கு தனிக் கலை. எதிர்பார்க்கும் ஆட்களைவிடக் குறைவாகப் போட்டு, மிச்சத்தைச் சுவரோரம் அடுக்கி வைத்து, கூட்டம் சேரச் சேர விரிக்க வேண்டும். அரங்கு பெரிது என்றால் கறுப்புத் திரை கட்டிப் பாதியாக்கிவிடலாம். 1948 ஜூனில் அதிபர் ட்ரூமனுக்காக ஒமாஹாவில் பிடித்தது 10,000 பேர் அமரும் அரங்கு. முன்னாள் படைவீரர்களுக்கு மட்டுமான கூட்டம் என்று ஊர் நினைத்துக்கொண்டதில் வந்தவர்கள் 2,000 பேரைத் தாண்டவில்லை. காலி இருக்கைகளின் படம் நாடு முழுக்கப் போனது. அவரைக் காப்பாற்றியது, ஊர் ஊராகப் போய் நின்று பேசிய ரயில் பெட்டியின் பின்பக்க மேடை. இடம் சின்னது, ஐந்நூறு பேர் நின்றாலே நெரிசலாகத் தெரியும். நவம்பரில் ஜெயித்தார். அந்த ஜூன் பயணத்தை ‘அரசியல் சாராதது’ என்று சொல்லி, பதவிக்கான பயணப் படியிலேயே முடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சரக்கின் விலை எப்போதும் இப்படித்தான், யார் தலையில் எழுதுவது என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் அரசுப் பயணத்தோடு பிரசாரத்தையும் சேர்த்தால் ஒரு பங்கைப் பிரசாரக் கணக்கிலிருந்து திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தபின் அமைச்சர்கள் இரண்டையும் கலக்கவே கூடாது. அடிக்கல் நாட்டவும் தடை. அதனால்தான் அறிவிப்பு வருவதற்கு முந்தைய வாரங்களில் அடிக்கல் நாட்டுவதில் அத்தனை அவசரம்.

கேள்வி-பதில் பகுதிக்கு மதிப்பெண் பூஜ்யம். 2024 மே 23 அன்று பிரிட்டன் பிரதமர் ரிஷி சுனக் டெர்பிஷயரில் ஒரு கிடங்கில் ஊழியர்களோடு பேசினார். ஒளிரும் பாதுகாப்பு மேல்சட்டை போட்டுக்கொண்டு கேள்வி கேட்டவர்களில் இருவர் அவருடைய கட்சிக் கவுன்சிலர்கள் என்று தெரிந்தது. உள்ளாட்சி உறுப்பினர்களின் படம் இணையத்திலேயே இருக்கும் காலத்தில் இது சுத்த சோம்பேறித்தனம். முந்தைய நாள் அவர் தேர்தலை அறிவித்ததுகூடத் தன் அலுவலக வாசலில், வெட்டவெளியில், கொட்டும் மழையில்தான். தெருக் கேட்டுக்கு வெளியே யாரோ வைத்த ஒலிபெருக்கி அவர் குரலை அமுக்கியது. உள்ளே ஒரு மாற்று அறையும், கேட்டிலிருந்து ஒலி எவ்வளவு கேட்கிறது என்று ஒரு சோதனையும் இருந்திருந்தால் போதும்.

காலர் மைக்கைப் பற்றி ஒரே விதி: கார் கதவு மூடும் முன் கழற்று. ‘அணைத்தாச்சு’ என்ற பேச்சு உதவாது, டிரான்ஸ்மிட்டர் பெட்டியே இடுப்பிலிருந்து கைக்கு வந்திருக்க வேண்டும். 2010 ஏப்ரல் 28, ராச்டேல்: பிரதமர் கார்டன் பிரவுன் ஒரு வாக்காளரிடம் சிரித்துப் பேசிவிட்டு, காருக்குள் அவரைத் திட்டினார். தொலைக்காட்சிக்காரர்களின் மைக் சட்டையிலேயே இருந்தது. மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்கே போக வேண்டியதாயிற்று.

சேவையின் உச்சமும் அடிமட்டமும் ஒரே தேதியில், ஒரே கடற்கரையோரம் கிடைக்கின்றன. 1984 ஜூன் 6, பிரான்ஸின் நார்மண்டி; இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் அங்கே தரையிறங்கியதன் நாற்பதாம் ஆண்டு நினைவு நாள். அமெரிக்க அதிபர் ரீகனின் உதவியாளர் மைக்கேல் டீவர், உரை அமெரிக்கக் காலைத் தொலைக்காட்சியில் நேரலையாக விழும்படி நேரத்தை அமைத்தார். எதிரே அமர்ந்திருந்தவர்கள் நாற்பது ஆண்டுக்கு முன் அங்கே கடலோரச் செங்குத்துப் பாறையில் ஏறிய வீரர்கள். அந்தக் காட்சி பிரசாரப் படத்திலும் சேர்ந்தது. 2024 ஜூன் 6, அதே நார்மண்டி. காலை நிகழ்ச்சியை முடித்த சுனக், ஒரு பேட்டிக்காக ஊர் திரும்பினார். பிற்பகல் பன்னாட்டு விழாவில் மற்ற தலைவர்களோடு படத்தில் நின்றவர் வெளியுறவு அமைச்சர் கேமரூன். மறுநாள் மன்னிப்பு. இதில் சேவைக்காரர்களைக் குறை சொல்ல வழியில்லை. மேடை, கேமரா, கடல் எல்லாம் தயாராகத்தான் இருந்தன, வாங்கியவர்தான் கிளம்பிவிட்டார்.