கிலோவுக்கு ஒரு டோக்கன்: பிளாக்செயினோடு மூன்று வருஷம்

திருப்பூரில் ஒரு நடுத்தர பின்னலாடை ஏற்றுமதி யூனிட்டில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். ஆர்கானிக் காட்டன் ஆர்டர் எல்லாவற்றையும் பிளாக்செயின் (பதிவுகளைச் சங்கிலிபோலக் கோத்து வைக்கும் டிஜிட்டல் கணக்குப் புத்தகம்) தளத்தில் ஏற்றியே ஆக வேண்டும் என்று எங்கள் ஐரோப்பிய பையர் நிபந்தனை போட்டு மூன்று வருஷம் ஓடிவிட்டது. தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, குறை சொல்லும் இடங்கள் நிறைய வரும்.

பையர் பயந்ததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி போலிச் சான்றிதழோடு ஆர்கானிக் கணக்கில் புகுந்திருந்ததை, ஆர்கானிக் துணிக்குச் சர்வதேசத் தரம் வகுக்கும் காட்ஸ் (GOTS) அமைப்பு 2020-இல் வெளியிட்டது. அந்தச் சான்றிதழ்களில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், அரசுத் தளத்தைப் போலவே செய்து வைத்த இன்னொரு தளத்துக்குப் போகுமாம். 11 நிறுவனங்களுக்குத் தடை விழுந்தது. அதற்கப்புறம் காகிதத்தை மட்டும் நம்ப யாரும் தயாராக இல்லை.

வேலை செய்யும் விதம் எளிதுதான். ஒரு கிலோவுக்கு ஒரு டோக்கன், அதாவது தளத்தில் ஒரு டிஜிட்டல் அடையாள வில்லை. மில்லிலிருந்து 1,500 கிலோ நூல் வந்தால் கூடவே 1,500 டோக்கன் எங்கள் கணக்குக்கு வரும். நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங் என்று சரக்கு போகிற வழியிலெல்லாம் டோக்கனும் போகும். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவோடு பின்னிக்கொள்வதால் பழைய கணக்கை யாருக்கும் தெரியாமல் திருத்த முடியாது. ஒரே டோக்கனை இரண்டு பையருக்குக் காட்டவும் முடியாது. காகிதக் காலத்தில் ஒரே சான்றிதழை இரண்டு இடத்தில் காட்டியவர்களுக்கு இதுதான் பெரிய அடி.

முதல் ஆறு மாதம் நரகம். சாயப்பட்டறைக் கணக்குப்பிள்ளை டெலிவரி சலானை வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்புவார், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் உட்கார்ந்து ஏற்றுவேன். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் 540-ஐ 5,400 என்று அடித்துவிட்டேன். அழிக்க முடியாது, எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். அந்தத் தப்பும் திருத்தமும் இன்றைக்கும் அங்கேயே கிடக்கின்றன. வருகிற ஆடிட்டர் ஒவ்வொருவரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. நூலிலிருந்து சாயத்துணி வரை மொத்தம் 8 சதவீதம் கழிவு என்று தளத்தில் நிலையாக வைத்திருந்தார்கள். 1,500 கிலோ நூலுக்கு 1,380 டோக்கன் மிஞ்சும். ஆனால் பயோவாஷ் (துணியின் மேல் பிசிறை என்சைம் வைத்து நீக்கும் அலசல்) போட்ட ஒரு ஆர்டரில் எடை இன்னும் இறங்கி, கையில் வந்தது 1,352 கிலோ. 28 டோக்கனுக்குப் பின்னால் துணியே இல்லை. நினைத்தால் 28 கிலோ சாதாரணத் துணியை அதில் சொருகிவிடலாம், கிட்டத்தட்ட 150 டி-ஷர்ட். சங்கிலியில் எல்லாம் பச்சை டிக் காட்டும். மெயில் மேல் மெயில் போட்டு, ஒரு வருஷம் கழித்துத்தான் உண்மையான கழிவைப் பதியும் வசதியைக் கொடுத்தார்கள்.

எனக்கு இதன் மேல் மரியாதை வந்தது இன்னொரு சம்பவத்தில். வெளியே ஜாப் ஒர்க் நிட்டிங்குக்கு 600 கிலோ நூல் கொடுத்தோம், திரும்பி வந்த கிரே துணி (சாயம் போடாத துணி) 551 கிலோ. ஒரு சதவீதக் கழிவு போக 43 கிலோ காணோம். முன்பெல்லாம் “அடுத்த ஆர்டர்ல சரி பண்ணிக்கலாங்ண்ணா” என்ற ஒரு வார்த்தையில் முடிந்துபோகும். இப்போது கணக்கு நேராகாமல் டோக்கன் நகராது. நேரில் போனேன். ஷெட் மூலையில் பாதி ஓடிய கோன்கள் குவிந்து கிடந்தன. “மீதிக் கோனுங்க, இங்கயேதான் கெடக்குது” என்றார் ஓனர். பக்கத்திலேயே அதே பருமனில், அதே 30-ஆம் நம்பர் சாதாரண நூல் கோன்கள். லேபிள் எதுவும் இல்லை. தொட்டுப் பார்த்து எது ஆர்கானிக் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த 43 கிலோவை ஆர்கானிக் கணக்கிலிருந்தே தள்ளினோம். அப்புறம்தான் பச்சை ஸ்டிக்கரும் தனி ரேக்கும் வந்தன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது பிட்காயின் போலத் திறந்த சங்கிலி இல்லை. அனுமதி பெற்றவர்கள் மட்டும் நுழையும் தனிச் சங்கிலி, சர்வர்களெல்லாம் தள நிறுவனத்தின் கையில். அப்படியானால் நல்ல ஒரு டேட்டாபேஸ் போதாதா என்று எங்கள் ஐடி தம்பி கேட்டான். பாதி உண்மை என்றுதான் எனக்கும் படுகிறது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளம், கப்பல் சரக்குத் துறை முழுதாகச் சேராததால் 2023-இல் மூடப்பட்டது. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே அந்தக் கதி. அதனால் மாதாமாதம் எல்லாப் பதிவையும் எக்செலில் இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

செலவு பையருடையதல்ல, எங்களுடையது. சந்தாவோடு ஒரு ஆளின் பாதி நாள் வேலையும் போகிறது. பீஸ் விலையில் ஒரு பைசா கூடவில்லை. ஆனால் பையரின் ஆடிட் முன்பு மூன்று நாள் இழுக்கும், இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடுகிறது.

ஆடையில் தொங்கும் டேகிலும் ஒரு க்யூஆர் கோடு உண்டு. வாங்குகிறவர் ஸ்கேன் செய்தால் பருத்தி எந்த மாநிலத்தது, எங்கே பின்னியது என்று காட்டும். போன மாதம் சும்மா ஸ்கேன் கணக்கைத் திறந்து பார்த்தேன். 6,000 பீஸ் போன ஆர்டரில் பதினோரு ஸ்கேன். அதில் இரண்டு என்னுடையது.