எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல்: ஆல் பாஸ் ஆன பிள்ளைக்கு இது போதுமா?

எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் ஃபெயிலாக்கக் கூடாது என்றது 2009 கல்வி உரிமைச் சட்டம். 2019-ல் அதைத் திருத்தினார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியும் வந்தது: ஐந்திலும் எட்டிலும் ஆண்டுத் தேர்வில் தேறாதவருக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. தமிழ்நாடு இதை ஏற்கவில்லை. இங்கே எட்டு வரை ஆல் பாஸ்தான். எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளையும் ஆண்டுக்கு ஒரு வகுப்பு ஏறிக்கொண்டே போகும். அந்தப் பிள்ளையை நடுவழியில் கைதூக்கிவிட வந்ததுதான் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டமும் அதன் பயிற்சி நூலும். கொரோனா காலக் கற்றல் இழப்பைச் சரிக்கட்ட இந்தத் திட்டத்தை 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு 4, 5-க்கும் நீட்டித்தார்கள்.

நூலின் பலம், பாடத்தை வகுப்பை வைத்துப் பிரிக்காமல் நிலையை வைத்துப் பிரித்தது. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லையா, அரும்பிலிருந்து தொடங்கலாம். ஃபெயிலாக்கினால் என்ன கிடைக்கும்? அதே புத்தகம், அதே வேகம், பக்கத்தில் ஒரு வயது சின்னப் பிள்ளைகள். இங்கே பாடம் மட்டும் கீழே இறங்குகிறது, பிள்ளை தன் வயதுக் கூட்டாளிகளோடேயே இருக்கிறது. ஆல் பாஸ் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொள்ளும் விஷயத்துக்கு இவ்வளவு எளிய விடை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் நூல் தானாக வேலை செய்யாது. பாட்டு, கதை, பொம்மலாட்டம், செயல்பாடு எல்லாம் முடிந்த பிறகுதான் பக்கத்தைத் திறக்க வேண்டும். அதைத் தாண்டிக் குதித்து நேராக நூலை எழுதவிட்டால், பிள்ளை கரும்பலகையையோ பக்கத்துப் பையனையோ பார்த்துக் கட்டங்களை நிரப்பிவிடும். நூல் நிறைந்திருக்கும், வாசிப்பு வந்திருக்காது. கண்டுபிடிக்க ஒரு வழி: பிள்ளையே எழுதிய பக்கத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமோ, பார்த்து எழுதியதோ அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழில் அதிகம் சிக்குவது ஒகர, ஓகார வரிசைகள். ‘கோ’வில் இரட்டைக்கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால். இடமிருந்து வலமாகப் படிக்கும் பிள்ளை கொம்பைக் கண்டதும் ‘கே’ என்று முடிவு கட்டி, காலை விட்டுவிடும்; ‘கோழி’ ‘கேழி’ ஆகும். இப்படிச் சிக்கும் பிள்ளைக்கு நூலில் இருக்கும் பயிற்சி போதாது. காடு, கெடு, கேடு, கொடு, கோடு என ஐந்து அட்டைகள் எழுதிக் கலைத்துப் போட்டுத் தினம் ஐந்து நிமிடம் வாசிக்க வையுங்கள். குறி மட்டும்தான் மாறுகிறது என்பதைக் கண் பிடித்துக்கொள்ளும். உகர வரிசையில் கு, சு, டு, ணு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம் என்பதால் அங்கே விதி சொல்லிப் பயனில்லை, பழக்கம்தான்.

கணக்கில் 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவானது அல்ல. ஒன்றாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறது: ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ‘கடன் வாங்கு’ என்று நூறு முறை சொன்னாலும் இது தீராது. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து குச்சிக் கட்டுகள், உதிரியாக இரண்டு குச்சிகள். அதிலிருந்து 27 கொடு என்றால், ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். அதைக் கையால் செய்த பிறகு நூலின் கணக்குகளுக்குப் போகலாம்.

குறை என்றால், முதலில் கைபேசிச் செயலி வழியாக நடக்கும் மதிப்பீடு. பதிவு செய்வதற்கே பாட நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல முறை சொல்லிவிட்டன. தொட்டுத் தேர்வு செய்யும் கேள்வியில் ஊகத்துக்கும் மதிப்பெண் விழும். அதை மட்டும் வைத்துப் பிள்ளையை மொட்டுக்கோ மலருக்கோ ஏற்றினால், ஆல் பாஸில் நடக்கும் தவறே சின்ன அளவில் இங்கும் நடக்கிறது. இரண்டாவது, நூல் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவது. ஆறாம் வகுப்பிலிருந்து 2025-26 கல்வியாண்டில் ‘திறன்’ என்ற பெயரில் தனிப் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். அதிலும் தேறாமல் போன பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் ஆல் பாஸ் பாதுகாப்பு கிடையாது.

வீட்டில் பயன்படுத்த விரும்புவோர் பிள்ளை படிக்கும் வகுப்பைப் பார்த்து நிலையைத் தேர்வு செய்ய வேண்டாம். பத்து எழுத்து, ஐந்து சின்னச் சொல், நாலு வரிப் பத்தி ஒன்று, இந்த வரிசையில் வாசிக்கக் கொடுங்கள். எழுத்திலேயே தடுமாறினால் அரும்பு. எழுத்து வந்து சொல்லில் நின்றால் மொட்டு. சொல் வந்து பத்தியில் திணறினால் மலர். தமிழுக்கும் கணக்குக்கும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டும் ஒரே நிலையில் இருக்க வேண்டியதில்லை. நாளுக்கு இருபது நிமிடம், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அரசுப் பள்ளியில் நூல் இலவசம். வீட்டில் அச்செடுத்தால் தாளின் ஒரு புறம் மட்டும் அச்சிடுங்கள்; பென்சிலை அழுத்தி எழுதும் பிள்ளைக்குப் பின்பக்கம் வீணாகிவிடும்.