டிப்-ஐஎஃப்ஆர்: சி.ஏ. இன்டரோடு நின்றவர்களுக்குத் தேறுமா?

டிப்-ஐஎஃப்ஆர் என்பது பிரிட்டனின் கணக்காளர் அமைப்பான ஏசிசிஏ, சர்வதேசக் கணக்கு விதிகளான ஐஎஃப்ஆர்எஸ் பற்றி நடத்தும் டிப்ளமோ. அதற்கு ஒரே ஒரு பரீட்சைதான். நான்கு கேள்விகள், தலா 25 மார்க், சாய்ஸ் கிடையாது, மூன்றே கால் மணி நேரம், 50 எடுத்தால் பாஸ். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இதை நம்பித்தான் முக்கால்வாசிப் பேர் பணம் கட்டுகிறார்கள், நான் உட்பட.

நான் பி.காம். சி.ஏ.வின் நடுக்கட்டமான இன்டரும், ஆடிட்டரிடம் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பும் முடித்தேன். கல்யாணம், குழந்தை என்று ஃபைனல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இடையில் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் ஷேர்டு சர்வீஸ் சென்டரில் (குரூப் முழுவதற்கும் கணக்கு வேலை பார்க்கும் ஆபீஸ்) ஆர்-டு-ஆர் டீமில், அதாவது கணக்கைப் பதிவதிலிருந்து அறிக்கை வரை பார்க்கும் டீமில், சேர்ந்தேன். ஜர்னல் போடுவது, அக்ரூவல், இன்டர்கம்பெனி ரீகன்சிலியேஷன், மாதக் கடைசி குளோசிங் என்று வருஷங்கள் ஓடின. என்னைப் போல இன்டரோடு நின்றவர்கள் அந்த ரோடு முழுக்க இருக்கிறார்கள். நாங்கள் தினமும் தொடுவது ஐஎஃப்ஆர்எஸ் கணக்கைத்தான். ஆனால் ஒரு என்ட்ரி ஏன் அப்படிப் போகிறது என்று ஆடிட்டர் கேட்டால், “குரூப் மேனுவலில் அப்படித்தான் இருக்கிறது” என்பதைத் தாண்டி வாய் திறக்க முடியாது. அந்த இடத்தை இந்தப் படிப்பு நிரப்புகிறதா என்பதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நிரப்புகிறது. எப்படி என்பதற்கு லீஸ் ஒன்றே போதும். பரீட்சையில் எல்லாம் டாலரில் வரும். நான் ரூபாயில் சொல்கிறேன். ஐந்து வருஷத்துக்கு ஓர் ஆபீஸ் வாடகைக்கு எடுக்கிறோம், வருஷக் கடைசியில் 10 லட்சம் வாடகை, வட்டி விகிதம் 10 சதவீதம். லீஸுக்கான விதியான ஐஎஃப்ஆர்எஸ் 16 படி, ஐந்து வருஷ வாடகையின் இன்றைய மதிப்பான 37.91 லட்சம் முதல் நாளே கடனாகவும், அதே தொகை சொத்தாகவும் ஏறும். முதல் வருஷம் வட்டி 3.79, தேய்மானம் 7.58. ஆக, கையிலிருந்து போனது 10 லட்சம், லாபத்தில் அடிபட்டது 11.37 லட்சம். இதுவரை எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையனும் எக்ஸலில் போட்டுவிடுவான். வருஷக் கடைசியில் மீதிக் கடன் 31.70. இதில் நடப்புக் கடன் (ஒரு வருஷத்துக்குள் தீர வேண்டியது) எவ்வளவு? அடுத்த வருஷம் கட்டப்போவது 10 லட்சம்தானே என்று கை தானாக எழுதப் பார்க்கும். அது தப்பு. அடுத்த வருஷக் கடைசியில் மீதி 24.87, ஆகவே நடப்புக் கடன் 6.83 மட்டும். அடுத்த வருஷம் கட்டும் பத்தில் 3.17 இன்னும் ஏறாத வட்டி. இதைப் புரிந்துகொண்ட பிறகு, சிஸ்டம் ஆட்டோமேட்டிக்காகப் போட்டுத் தள்ளும், கடனை நடப்புக் கணக்குக்கு மாற்றும் ரீகிளாஸ் என்ட்ரி முதல் தடவையாக அர்த்தத்தோடு தெரிந்தது.

கணக்கு சரியாக வந்தால் மட்டும் பாஸாகிவிட முடியாது, அதுதான் இந்தப் பரீட்சையின் சூட்சுமம். முதல் கேள்வி, குரூப் கம்பெனிகளின் கணக்கை ஒன்றாகச் சேர்க்கும் கன்சாலிடேஷன். அங்கே எண்களோடு மல்லுக்கட்டலாம்: குட்வில் (ஒரு கம்பெனியை வாங்க அதன் நிகர மதிப்புக்கு மேல் கொடுத்தது), மைனாரிட்டி பங்கு, குரூப்புக்குள் விற்று இன்னும் ஸ்டாக்கில் கிடக்கும் சரக்கின் லாபத்தைக் கழிப்பது, சொத்துக்கு ஃபேர் வேல்யூ (சந்தை மதிப்பு) ஏற்றியதற்கு டெஃபர்ட் டேக்ஸ் (பின்னால் வரப்போகும் வரி). நம்ம ஊர்ப் படிப்பு படித்தவர்களுக்கு இது பழகிய மைதானம். மற்ற மூன்றும் எழுத்து. எந்த ஸ்டாண்டர்டு (கணக்கு விதி), அது என்ன சொல்கிறது, இந்தக் கம்பெனிக்கு அது எப்படிப் பொருந்துகிறது, கடைசியில் எந்தத் தொகை எங்கே போகும் என்று வாக்கியமாக எழுத வேண்டும். கணக்கு மட்டும் போட்டு விளக்கம் எழுதாமல் விடுகிறார்கள் என்று எக்ஸாமினர் ரிப்போர்ட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் புலம்பலைப் படித்துப் பாருங்கள். அந்த ரிப்போர்ட்டுகளும் பழைய கேள்வித்தாள்களும் ஏசிசிஏ தளத்தில் இலவசம். காசு கொடுத்து வாங்கிய எதையும்விட எனக்கு உதவியது அவைதான். எத்திக்ஸும் உண்டு. போனஸுக்காக வருமானத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லும் டைரக்டர் ஒருவர் கேள்வித்தாளில் எட்டிப் பார்ப்பார். “நேர்மை தேவை” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மார்க் விழாது. எந்த நெறி எப்படி மீறப்படுகிறது, அக்கவுண்டன்ட் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

பரீட்சை கம்ப்யூட்டரில். ஒரு பக்கம் ஸ்ப்ரெட்ஷீட், ஒரு பக்கம் டைப் அடிக்கும் பெட்டி. எக்ஸல் மாதிரிதான் இருக்கும், ஆனால் எக்ஸல் கிடையாது. நம் ஷார்ட்கட் எல்லாவற்றையும் நம்பிப் போகாதீர்கள். விடையைக் கால்குலேட்டரில் போட்டு எண்ணை மட்டும் அடிக்காமல் ஃபார்முலாவாகவே போடுங்கள். திருத்துபவருக்கு அது தெரியும், விடை தப்பானாலும் முறைக்கு மார்க் கிடைக்கும்.

சேருவதற்கான தகுதி விஷயத்தில் சி.ஏ. முடித்தவர்களுக்குக் கவலையில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு, சம்பந்தப்பட்ட டிகிரியோடு இரண்டு வருஷ அக்கவுண்டிங் அனுபவம், அதற்குக் கம்பெனிக் கடிதம். “இவர் இங்கே பணிபுரிகிறார்” என்ற எச்.ஆரின் வழக்கமான ஒற்றை வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். செய்வது கணக்கு வேலை என்று அதில் விளக்கமாக இருக்கட்டும். கட்டணம் பவுண்டில். சீக்கிரம் கட்டினால் குறைவு, கடைசி நேரத்தில் கூடுதல். கார்டில் இழுக்கும்போது கன்வெர்ஷன் சார்ஜும் சேரும்.

கோச்சிங் பற்றிக் கொஞ்சம் பொருமிக்கொள்ள வேண்டும். நான் சேர்ந்த ஆன்லைன் வகுப்பின் பெயர் வேண்டாம். பாடம் நடத்தியவர் நன்றாகவே நடத்தினார், கன்சாலிடேஷனை அவரிடம்தான் கற்றேன். ஆனால் வீடியோவுக்கு வியூ லிமிட். ஃபைனான்ஷியல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பாடத்தை யாராவது ஒரே மூச்சில் புரிந்துகொண்டதுண்டா? வீடியோவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, பாதியில் குழந்தை அழுது, மறுபடி போட்டால் லிமிட் முடிந்துவிட்டது என்று திரை சொல்கிறது. நீட்டிக்கத் தனிக் கட்டணமாம். சந்தேகம் கேட்கும் வாட்ஸ்அப் குரூப்பில் பதிலைவிட “ஆல் த பெஸ்ட்” ஸ்டிக்கர்தான் அதிகம். எழுதிய விடையைத் திருத்தித் தருகிறார்களா என்று சேரும் முன் கேளுங்கள். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். இந்தப் பரீட்சைக்கு வகுப்பு வேண்டுமென்றால் அதற்காகத்தான் வேண்டும்.

நம்ம ஊர்க் கணக்கு விதிகளான இண்ட் ஏஎஸ் தெரிந்தால் இது தெரிந்த மாதிரிதானே என்பவர்கள் உண்டு. பெரும்பாலும் சரி, வித்தியாசம் இருக்கும் இடத்தில்தான் வம்பு. ஒரு கம்பெனியை அதன் நிகர மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கினால், ஐஎஃப்ஆர்எஸ் படி அந்த ஆதாயம் நேராக லாபத்துக்குப் போகும். இண்ட் ஏஎஸ் படி, லாபத்தில் சேராத ஓசிஐ (இதர விரிவான வருமானம்) வழியாக கேபிடல் ரிசர்வுக்குப் போகும். வாடகைக்கு விட்ட கட்டடத்தை ஐஎஃப்ஆர்எஸ் ஃபேர் வேல்யூவில் காட்டவும் விடும். இண்ட் ஏஎஸ் 40 படி காஸ்ட்டில் (அடக்க விலையில்) மட்டும்தான். ஆபீஸில் இரண்டையும் பார்ப்பவர்கள் பரீட்சை ஹாலில் எதை எழுதுகிறோம் என்று உஷாராக இருக்க வேண்டும்.

பலன்? சான்றிதழ் வந்ததும் சம்பளம் ஏறவில்லை. எனக்கு டீம் மாறியது. குரூப் ரிப்போர்ட்டிங் பக்கம் இன்டர்னல் இன்டர்வியூவில் உட்கார வைத்தார்கள், லீஸ் மாற்றம் பற்றித்தான் கேட்டார்கள். இதை வைத்து ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது, ஏசிசிஏ மெம்பராகவும் முடியாது. “சி.ஏ.வுக்குச் சமம்” என்று விளம்பரம் பண்ணும் வகுப்புகளை அந்த வரியிலேயே மூடிவிடலாம். உள்ளூர்க் கம்பெனியில் டேலியும் ஜிஎஸ்டியும் பார்ப்பவர்களுக்கு இது தேவையே இல்லை, அந்தப் பணத்தில் வேறு ஏதாவது படிக்கலாம். ஏசிசிஏவின் செர்ட்-ஐஎஃப்ஆர் என்று சின்னது ஒன்று உண்டு, ஆன்லைனில் டிக் அடிக்கும் பரீட்சை. தொட்டுப் பார்க்க நல்லது, ஆனால் எழுதப் பழக்காது.

புத்தகம் செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் ஜாக்கிரதை. லாப நஷ்ட அறிக்கையின் அமைப்பையே மாற்றும் ஐஎஃப்ஆர்எஸ் 18, பழைய விதியான ஐஏஎஸ் 1-க்குப் பதிலாக 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு நடைமுறைக்கு வருகிறது. உங்கள் சிட்டிங்குக்கு (பரீட்சைத் தவணைக்கு) எது சிலபஸில் இருக்கிறது என்பதை ஏசிசிஏ வெளியிடும் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வருஷத்துக்கு இரண்டே சிட்டிங், ஜூன், டிசம்பர். மார்ச் குளோசிங் கம்பெனியில் இருப்பவர்கள் ஜூனைத் தொடாதீர்கள், ஏப்ரல், மே முழுக்க ஆடிட்டர் மேஜையில்தான் இருப்பீர்கள். எங்களைப் போல டிசம்பர் குளோசிங் என்றால் ஜூன்தான் வசதி. பிப்ரவரியில் ஆடிட் ஓய்ந்ததும் புத்தகத்தைத் திறந்தால் மூன்று மாதம் முழுசாகக் கிடைக்கும்.