முடவாட்டுக்கால் கிழங்கு: காரைக்குடியில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

காரைக்குடிச் சந்தையோரம் சாக்கை விரித்து விற்கிறார்களே, ஆடு கால் நீட்டிப் படுத்த மாதிரி பழுப்பு முடியோடு, அதுதான். பெயரில் கிழங்கு இருந்தாலும் இது பெரணிச் செடியின் தண்டு. மண்ணுக்குள் இறங்காமல் பாறையையும் மரத்தையும் பற்றிப் படரும். நம் செம்மண் பொட்டலில் விளைகிற சரக்கல்ல. பெரும்பாலும் கொல்லிமலையிலிருந்து வருகிறது.

மலைச்சரிவில் இதை அடையாளம் காண்பது சுலபம். ஒரே செடியில் இரண்டு விதமான இலைகள் இருக்கும். அடியில் காம்பில்லாத பழுப்பு இலைகள், அப்பளம் மாதிரி மொரமொரவென்று பாறையை அணைத்து நிற்கும். அவற்றில் தங்கும் சருகுதான் செடிக்கு எரு. மேலே காம்புள்ள பச்சை இலை, நடுநரம்பை ஒட்டும்வரை ஆழமாகப் பிளந்திருக்கும். அதைத் திருப்பினால் பக்க நரம்புகளுக்கு இடையே வரிசை பிடித்த புள்ளிகள் தெரியும். பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. அந்தப் புள்ளிகளில் உள்ள தூள்தான் இனம் பெருக்கும்.

சந்தைக்கு இலை வராது, அதனால் முடிதான் சாட்சி. முடி சீவித் தோலுரித்த துண்டு எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது எந்தச் செடி என்று யாராலும் சொல்ல முடியாது, சீக்கிரம் காய்ந்தும் போகும். ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெளிறி, ஈரமாக இருக்க வேண்டும். கறுத்து நார் நாராக நின்றால் பழைய சரக்கு. சில கடைகளில் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் தெளித்து வைக்கிறார்கள், அழுகுவதற்கு அதுவே போதும். வீட்டில் நிழலில் காற்றாடத் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் இருக்கும்.

நாலு பேருக்குச் சூப் வைக்க 100 கிராம் போதும். தோலைத் தடிப்பாகச் சீவுங்கள், முடி தங்கினால் தொண்டையை உறுத்தும். மிளகு, சீரகம் ஒவ்வொரு டீஸ்பூன், பூண்டு 5 பல், சின்ன வெங்காயம் 10, எல்லாவற்றையும் கிழங்கோடு அம்மியில் நசுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கை பழகிய வாசம் என்று கல்பாசியைப் போட்டுவிடாதீர்கள், கிழங்கின் வாசம் அமுங்கிவிடும். ருசியில் ஆட்டுக்கால் சூப்புக்குக் கிட்டத்தில் வருகிறது. ‘4448 நோய்க்கும் மருந்து’ என்பதெல்லாம் விற்பவர் பேச்சு. அதை நம்பி மூட்டுவலி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பாக்கெட் சூப் பொடிக்குக் காசு கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தைப் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. உப்புக்கும் மிளகுக்கும் பிறகு கிழங்கு வந்தால், அது மிளகுப்பொடி.