பச்சைப் பெயர் சிவப்பான இரவு: ஐந்து வருட ஆட்டத்துக்குப் பிறகு

ஐந்து வருடமாக நான் ஆடும் ஆன்லைன் ரோல்பிளேயிங் விளையாட்டில் சேரலாமா என்று நண்பன் கேட்டிருக்கிறான். கிராபிக்ஸ், சண்டை முறை, மாதக் கட்டணம் எல்லாவற்றையும் அவனே விசாரித்துவிட்டான். அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கில்டுகளுக்கு, அதாவது ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழுக்களுக்கு, இடையில் கூட்டணி எப்படி நடக்கிறது? இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தால் 'வராதே' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இப்போது அப்டேட் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். சரிசெய்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கில்டுக்கும் இன்னொரு கில்டுக்கும் பதினொரு மாதக் கூட்டணி இருந்தது. கூட்டாளியின் பெயர் தலைக்கு மேல் பச்சையில் தெரியும். எதிரி என்றால் சிவப்பு. அன்றிரவு ஒரு கோட்டையை முற்றுகையிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. என் பின்னால் நின்று உயிர் ஏற்றிக்கொண்டிருந்த ஹீலர் அந்தக் கில்டைச் சேர்ந்தவர். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது: 'கூட்டணி முறிந்தது.' நாற்பது பச்சைப் பெயர்கள் ஒரே நொடியில் சிவந்தன. என் வில் தானாகக் குறிபார்க்கும். பக்கத்தில் எந்தச் சிவப்புப் பெயர் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்தவர் அக்கா. நான் விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் மூன்று அம்புகள் போய்விட்டன. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கூட்டணி அரட்டைப் பெட்டியும் அதே நொடியில் மூடியிருந்தது.

இத்தனைக்கும் காரணம், கொள்ளையில் கிடைத்த ஒரு குதிரைக்காக இரண்டு தலைவர்கள் போட்டுக்கொண்ட சண்டை. தலைவர் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மற்ற முப்பத்தொன்பது பேரை யாரும் கேட்கவில்லை.

துரோகத்தின்மீது எனக்குப் புகார் இல்லை. அது இல்லாவிட்டால் கூட்டணிக்கு மதிப்பே கிடையாது. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் பாண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரிய கூட்டணியை 2009-இல் உள்ளிருந்த நிர்வாகி ஒருவரே தன் அதிகாரத்தைக் கொண்டு கலைத்துவிட்டு எதிரிப் பக்கம் போனார். வருடக்கணக்கில் மோதியவர்களால் ஆகாத காரியம் அது. இன்றும் ஆட்டக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஆனால் அதே ஈவில், பாதுகாப்பான பகுதிகளில் ஒருவர்மீது முறைப்படி போர் அறிவித்தால், அது தொடங்க 24 மணி நேரம் ஆகும். உறவுக்கும் நண்பனிலிருந்து எதிரிவரை பத்து, ஐந்து, பூஜ்யம், மைனஸ் ஐந்து, மைனஸ் பத்து என்று படிப்படியாக மதிப்பெண் இருக்கிறது. நான் உன்னை நண்பனாக வைத்திருக்கலாம், நீ என்னை வைக்காமலும் இருக்கலாம். மனிதர்கள் அப்படித்தானே பழகுகிறார்கள்? எங்கள் விளையாட்டில் அப்போது இரண்டே படி: பச்சை, சிவப்பு.

தரப்புகளை நிரந்தரமாகப் பிரித்துவிடும் விளையாட்டுகளில் இந்தத் தொல்லை இல்லையே என்பான் நண்பன். இல்லைதான். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அல்லையன்ஸ், ஹோர்ட் என்று இரண்டே தரப்பு. இரண்டு தரப்பிலும் இருக்கும் நண்பர்கள் ஒரே குழுவாக டஞ்சன் எனும் அரக்கர் குகைக்குள் போக 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்குப் பிடித்தது 2001-இல் வந்த டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்டின் ஏற்பாடு. அங்கே மூன்று நாடுகள். ஒருவர் மிஞ்சினால் மற்ற இருவரும் சேர்ந்து தட்டிவைக்கலாம். வேடிக்கை என்னவென்றால், எதிரி நாட்டுக்காரனோடு விளையாட்டுக்குள் பேசவே முடியாது. ஒப்பந்தமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நீ அவனை அடி, நான் உன்னை இன்றைக்கு விட்டுவிடுகிறேன் என்பதை நடந்துதான் காட்ட வேண்டும்.

சரி, அப்டேட்டுக்கு வருகிறேன். இப்போது கூட்டணியை முறிக்க ஒருநாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த ஒருநாளும் பெயர்கள் மஞ்சளாக இருக்கும், ஒருவரை ஒருவர் அடிக்க முடியாது, அரட்டையும் திறந்தே இருக்கும். இதற்காக நான் எழுதிய புகார்கள் ஒன்றிரண்டல்ல. வந்தபோது மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் கூட்டுக் கிடங்கைப் பூட்ட மறந்துவிட்டார்கள்!

அதே கில்டோடு மறுபடி சேர்ந்திருந்தோம். போன வாரம் முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். காலையில் வந்து பார்த்தால் கிடங்கில் இருந்த 1,400 இரும்புக் கட்டிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கிறது. பழைய முறையில் முதுகில் குத்தினார்கள். புதிய முறையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுக் குத்துகிறார்கள். முன்னறிவிப்பு வந்ததும் கிடங்கைப் பூட்டி, அவரவர் வைத்ததை அவரவர் எடுக்கும்படி செய்ய என்ன கஷ்டம்? யார் எதை வைத்தார் என்ற கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. சண்டைக்கு வேண்டாம், வாணிபத்துக்கு மட்டும் என்று ஒரு நடுப்படி வைக்கவும் பெரிய ஞானம் தேவையில்லை.

அந்தக் கணக்கைத் திட்டிக்கொண்டே கீழே உருட்டினேன். எடுத்தார், எடுத்தார், எடுத்தார் என்று முப்பது வரிகள். கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் வேறாக இருந்தது: '60 மருந்துக் குப்பிகள், வைத்தார்.' அக்காவின் பெயர். போன மாதம் கடனாக வாங்கியவை. அன்று மாலை மஞ்சள் பெயரோடு வந்து, ஒருநாள் கெடு முடியும்வரை எங்களோடு நின்று, பாஸ் எனும் பெரிய அரக்கன் ஒன்றை அடித்துவிட்டுத்தான் போனார். மன்னிப்பையும் அப்போதுதான் கேட்டேன். பழைய முறையில் இதற்கெல்லாம் நேரமே இருந்திருக்காது. அந்த அளவுக்கு அப்டேட் நல்லதுதான்.

இருந்தாலும் கூட்டணி முறைக்கு ஐந்தில் இரண்டுதான் கொடுப்பேன். இரும்பு போன கோபம் இன்னும் தணியவில்லை. நண்பா, வருவதானால் எங்கள் கில்டிலேயே சேர். கிடங்குச் சாவியை மட்டும் ஆறு மாதத்துக்குக் கேட்காதே.