குடிப்படையா, உடன்படிக்கையா: பழைய அமெரிக்க மாநிலங்களின் இரண்டு செலவுக் கணக்குகள்

எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துப் பேச வேண்டும் என்றார்கள். பிரிட்டனிடமிருந்து விடுபட்ட முதல் நாற்பது ஆண்டுகளில், அமெரிக்க மாநிலங்களுக்கு எல்லைப்புறத்தில் பணம் செலவிட இரண்டு வழிகள் இருந்தன. ஊர் ஆண்களைத் திரட்டும் மிலிஷியா, அதாவது குடிப்படை, ஒன்று. பூர்வகுடிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஆண்டுதோறும் பணமோ பொருளோ கொடுத்துவருவது மற்றொன்று. நான் உடன்படிக்கையை எடுத்தேன். சண்டையைவிடச் சமாதானம் நல்லது என்ற எண்ணத்தில்தான் எடுத்தேன். படிக்கப் படிக்க அந்தக் காரணம் பின்னால் போய், பராமரிப்புச் செலவு முன்னால் வந்துவிட்டது.

குடிப்படையின் கவர்ச்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சும்மா இருக்கும்போது அதற்குச் செலவே இல்லை. 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 முதல் 45 வயது வரையுள்ள, உடல் திடமுள்ள வெள்ளை ஆண்கள் பெயர் பதிய வேண்டும். துப்பாக்கியையும் 24 தோட்டாக்களையும் அவரவர் கைக்காசில் வாங்கிக்கொள்ள வேண்டும். கருவூலத்துக்கு இதைவிட வசதி வேறு உண்டா?

கூப்பிட்ட அன்று கதை மாறும். 1790இல் அமெரிக்க ஜெனரல் ஹார்மர் மயாமி என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களை நோக்கிப் புறப்பட்டபோது, அவரிடம் இருந்த நிரந்தரப் படையினர் 320 பேர். கென்டக்கியும் பென்சில்வேனியாவும் அனுப்பிய குடிப்படையினர் 1,100க்கு மேல். விசைப்பகுதியே இல்லாத துப்பாக்கியோடு வந்து நின்றவர்கள் அதில் இருந்தார்கள். ஏறக்குறைய 180 பேரை இழந்து திரும்பினார் ஹார்மர். இதற்கு ஓராண்டுக்கு முன்பே போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸ், அதிபர் வாஷிங்டனுக்கு ஒரு கணக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வபாஷ் ஆற்றுப் பகுதி மக்களைப் படை கொண்டு அடக்க வேண்டுமானால் 2,500 பேரும், ஆறு மாதமும், 2,00,000 டாலரும் தேவைப்படும். உடன்படிக்கை, பரிசு என்று இணக்கமாகப் போனால் ஆண்டுக்கு 15,000 டாலர் போதும். வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு படையெடுப்புக்கு ஆகும் பணத்தில் 13 ஆண்டு சமாதானம். அதுவும் படையெடுப்பு வெற்றி பெறும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. 1791 நவம்பரில் அதே பூர்வகுடிகள்மேல் போன ஜெனரல் செயின்ட் கிளேரின் படை 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்த பிறகு அந்த எண்ணைப் படித்தால் மனம் கனக்கிறது.

ஆனால் இதெல்லாம் மத்திய அரசின் கணக்கு. மாநிலத்தின் பணம் எப்படிப் போனது என்று பார்க்க பெனோப்ஸ்காட் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். இன்று மெய்ன் மாநிலத்தில் ஓடும் ஆறு. அன்று அந்தப் பகுதி மாசசூசெட்ஸைச் சேர்ந்தது. 1812இல் பிரிட்டனோடு தொடங்கிய போரில், 1814 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஆற்றில் ஏறி வந்தபோது, ஹாம்ப்டனில் நின்ற குடிப்படை சிறிது நேரத்திலேயே கலைந்து ஓடியது. பேங்கர் ஊர் கொள்ளைபோனது. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேற்றுவரை ஏர் பிடித்தவர்கள், பழகிய படையின் முன்னால் வேறு என்ன செய்வார்கள்? கோபம் வருவது பில்லைப் பார்க்கும்போதுதான். குடிப்படையை மத்திய அரசின் தலைமைக்குக் கீழே விட ஆளுநர் கேலப் ஸ்ட்ராங் மறுத்திருந்தார். அதனால் அந்தப் போரில் மாநிலம் செய்த பாதுகாப்புச் செலவை ஏற்க வாஷிங்டன், அதாவது மத்திய அரசு, மறுத்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுக்க 1830 வரை ஆனது.

அதே ஆறு, நான்கே ஆண்டு கழித்து. 1818 ஜூனில் பேங்கரில் மாசசூசெட்ஸ் அரசு பெனோப்ஸ்காட் மக்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. ஆற்றின் தீவுகளையும் நான்கு நிலத்தொகுதிகளையும் வைத்துக்கொண்டு, மற்ற நிலத்தை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு அரசு ஆண்டுதோறும் தர வேண்டியதை ஒரு பட்டியலாகவே எழுதியிருக்கிறார்கள். சோளம் 500 புஷல் (புஷல் ஒரு தானிய அளவு), கோதுமை மாவு 15 பீப்பாய், பன்றி இறைச்சி 7 பீப்பாய், பெரிய மிடா ஒன்று நிறையக் கரும்புப்பாகு, கம்பளிப் போர்வை 50, வெடிமருந்து 100 பவுண்டு, ஈயக் குண்டு 400 பவுண்டு, புகையிலை 150 பவுண்டு, சாக்லேட் 6 பெட்டி, வெள்ளிக்காசாக 50 டாலர். அப்புறம் அகலக் கம்பளித் துணி 100 கஜம். ஒரு வருடம் சிவப்பு, மறு வருடம் நீலம், இப்படியே மாறி மாறி. துணியின் நிறம்வரை பேசி வாங்கியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்த அன்றே என் பக்கம் உறுதியாகிவிட்டது.

பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு மாநிலம் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, ஆண்டு வரவு செலவில் சேர்த்துவிடக்கூடிய செலவு. குடிப்படைக்கு அப்படி ஒரு வரி எழுத முடியாது. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை நாள் நிற்பார்கள், பில்லை யார் ஏற்பார்கள் என்று எதுவும் கையில் இல்லை.

இதிலேயே பொருளா, காசா என்ற வேறுபாடும் பெரிது. 500 புஷல் சோளம் எந்தக் காலத்திலும் 500 புஷல்தான். நியூயார்க் காசாக எழுதியது. 1788இல் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் ஒனைடா என்ற பூர்வகுடி மக்களிடம் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் வாங்கினார். முன்பணமும் பொருளும் போக, ஆண்டுக்கு 600 டாலர் என்று முடித்தார். விலைவாசி ஏற ஏற 600 டாலர் தேய்ந்துகொண்டே போகும். கருவூலத்துக்கு அது லாபம், ஒனைடாக்களுக்கு அது நஷ்டம். 1795இல் கயூகா மக்களின் நிலத்தை ஏக்கர் 50 சென்ட் கணக்கில் வாங்கி, ஒன்றரை டாலருக்கு விற்றதும் இதே மாநிலம்தான். என் பக்கத்தின் பெரிய பலவீனம் இது, மறைக்க மாட்டேன். உடன்படிக்கை மலிவாக இருந்ததற்கு ஒரு காரணம், விலையைப் பெரும்பாலும் வாங்குபவரே வைத்ததுதான்.

இரண்டு கணக்கும் தனித்தனி என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. விடுதலைப் போரின் கடைசி ஆண்டுகளில், எல்லையைக் காக்கச் சேர்பவர்களுக்கு நிலம் தருவதாக நியூயார்க் வாக்குக் கொடுத்திருந்தது. பிறகு ஓனண்டாகா, கயூகா மக்களிடமிருந்து வாங்கிய மண்ணை 600 ஏக்கர் துண்டுகளாக அளந்து அந்தக் கடனை அடைத்தது. படைச் சம்பளம் உடன்படிக்கை நிலத்திலிருந்து போயிருக்கிறது.

தெற்கே ஜார்ஜியாவில் என் வாதம் இதே பலத்தோடு நிற்குமா? அங்கே எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. 1783 முதல் 1786 வரை கிரீக் என்ற பூர்வகுடி மக்களோடு மூன்று உடன்படிக்கைகளை அந்த மாநிலம் எழுதியது. எதுவும் சண்டையை நிறுத்தவில்லை. கிரீக் தலைவர்களில் சிலர் மட்டும் போட்ட கையெழுத்தை மற்றவர்கள் ஏற்கவில்லை. அப்படிப்பட்ட தாளுக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பயன் இல்லை. ஆனால் அங்கேயும் படை வழி லாபமாக இருந்தது என்று சொல்ல முடியாது. 1792 முதல் 1794 வரை திரட்டிய குடிப்படைக்கான பாக்கி 1827இல்தான் தீர்ந்தது.

இரண்டு கணக்கும் ஒரே தாளில் வரும் இடம் ஒன்று உண்டு. மெய்னைத் தனி மாநிலமாகப் பிரிக்க மாசசூசெட்ஸ் 1819 ஜூன் 19இல் போட்ட சட்டம். 1812 போரின் பாதுகாப்புச் செலவுக்கு வாஷிங்டன் எப்போது பணம் தந்தாலும் மூன்றில் ஒரு பங்கு மெய்னுக்கு என்று ஒரு பிரிவு. பூர்வகுடிகளுக்கான எல்லாக் கடமைகளையும் மெய்ன் ஏற்க வேண்டும், அதற்கு ஈடாக 30,000 டாலர் மதிப்புள்ள நிலம் பெறும் என்று இன்னொரு பிரிவு. ஒன்று, வருமா என்றே தெரியாத வரவு. மற்றொன்று, கையில் ஈடு வாங்கிக்கொண்டு ஏற்ற செலவு.

அந்தச் சட்டம் மெய்னின் அரசமைப்பிலும் சேர்க்கப்பட்டது. 1875இல் ஒரு திருத்தம் வந்தது. பூர்வகுடிகள் பற்றிய பகுதி தொடர்ந்து செல்லும், ஆனால் அச்சுப் பிரதியில் வராது என்றது அது. தாங்கள் ஈடு வாங்கிய கடமை என்ன என்பதை மெய்ன் மக்கள் அச்சில் பார்க்காமலே தலைமுறைகள் போயின. 2023 நவம்பரில் அதை மறுபடி அச்சிட வேண்டும் என்று அவர்களே பெரும்பான்மையாக வாக்களித்தார்கள்.