எத்தனாவது அத்தியாயம்? – ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

மிக்ஸி, ஸ்கூட்டர், வாட்டர் ஃபில்டர் என்று எல்லாவற்றுக்கும் ‘நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்’ எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது ஒரு பழக்கத்தைப் பற்றி. நான்கு பேர், அவரவர் கையில் இப்போது இருக்கும் அறிவியல் புனைகதையையோ மாயாஜாலக் கதையையோ, பாதியில் நிற்கும்போதே மற்றவர்களுக்குச் சொல்வது. 2020 ஊரடங்கில் ஃபோனில் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. அதே வருடம் வாங்கிய மிக்ஸிக்கு இரண்டு முறை ஜார் மாற்றியாகிவிட்டது.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் ரிடையர் ஆன சார் ஒருவர். பெருங்குடியில் ஐடி வேலை பார்க்கும் தம்பி. ஆரம்பித்தபோது பிளஸ் டூவில் இருந்த பெண். இப்போது வேலைக்கே போகிறாள், சார் மட்டும் இன்னும் ‘பாப்பா’ என்கிறார். அப்புறம் நான். கிண்டியில் ஒரு அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ், வீடு வேளச்சேரி.

படித்து முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் விதி. முடித்த ஆள் உடனே நீதிபதி ஆகிவிடுவார். ‘செம’, ‘சுமார்’, ‘கடைசியில் சொதப்பிட்டான்’ என்று தீர்ப்பு வந்துவிடும், பேச்சும் முடிந்துவிடும். அதுவும் இந்த வகைக் கதைகளில் முதல் நூறு பக்கம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருக்கும். இந்த ஊரில் எத்தனை நிலா, இவர்கள் ஏன் வலது கையால் எதையும் வாங்குவதில்லை, இந்த ஆளுக்கு ஏன் நிழல் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகம் முடிந்தால் அந்தத் தடுமாற்றம் சுத்தமாக மறந்துபோகிறது. எனக்கு அந்தத் தடுமாற்றம்தான் வேண்டும். அதைப் பேச ஆள் கிடைத்ததுதான் இந்த ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம்.

இரண்டாவது விதி அடிபட்டுக் கற்றது. ஒரே புத்தகத்தை இரண்டு பேர் படிக்கும்போது, யார் பின்தங்கி இருக்கிறாரோ அவர்தான் முதலில் பேச வேண்டும். முன்னால் போனவர் வாயைத் திறக்கக் கூடாது. இது வருவதற்கு முன், ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ நாவலின் ஒரு சாவை தம்பி எனக்கு வாய்தவறிச் சொல்லிவிட்டான். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் புத்தகம் அது. நான் அப்போது நூற்றுச் சொச்சத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

யார் பின்னால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்க எண் உதவாது. சார் காகிதத்தில் படிப்பவர், ‘210’ என்பார். நானும் தம்பியும் இ-ரீடரில் படிப்பவர்கள், ‘43 சதவீதம்’ என்போம். பாப்பா லைப்ரரியில் எடுத்த வேறு பதிப்பை வைத்துக்கொண்டு வேறொரு எண் சொல்வாள். கடைசியில் அத்தியாயக் கணக்குக்கு வந்து சேர்ந்தோம். இப்போது யார் யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்கு முன்னால் ‘எத்தனாவது அத்தியாயம்?’தான். டெர்ரி பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையை சார் கையில் எடுத்தபோது இந்த ஏற்பாடும் படுத்துவிட்டது. அந்த 41 நாவல்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தியாயமே கிடையாது! ‘அந்த வெட்டியான் மாதிரி வர்ற எலும்புக்கூடு இரண்டாவது தடவை வருதே, அதுவரைக்கும்’ என்று சார் இடம் சொல்வார். அதில் அது எத்தனையோ தடவை வரும்.

ஃபோனில் பேசியது நன்றாக இருந்ததா, நேரில் பேசுவது நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நான் ஃபோன் பக்கம். நேரில் முகம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நான் ஏதோ ஊகம் சொல்வேன். எனக்கு முன்னால் போய்விட்ட தம்பி சட்டென்று தன் டீ கிளாஸைப் பார்ப்பான். போச்சு, புரிந்துவிடும். சாருக்குக் குரலே போதும். ‘ம்ம்’ என்று குட்டையாகச் சொன்னால் என் ஊகம் தப்பு. ‘ம்ம்ம்’ என்று இழுத்தால் சரி. இதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு வசதி.

இனி, நான் எதிர்பார்க்காத விஷயம். நாங்கள் படிப்பதில் முக்கால்வாசி ஆங்கிலம், பேசுவது முழுக்கத் தமிழ். திட்டம் போட்டுச் செய்ததில்லை, நாங்கள் பேசும் மொழி அதுதான் என்பதால் அப்படி அமைந்தது. ஆனால் ஒரு கதையை வாயால் தமிழில் சொல்லும்போது அது திருகிக்கொண்டு வேறு பக்கம் காட்டும். பாப்பா உர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ (1969) படித்துக்கொண்டிருந்த வாரங்களை மறக்க மாட்டேன். எப்போதும் குளிர்காலமாகவே இருக்கும் கெத்தன் என்ற கிரகம். அங்கே இருப்பவர்கள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாக ஆவார்கள், எது என்பது முன்கூட்டித் தெரியாது. லெ குவின் எல்லோருக்கும் ‘ஹி’ போட்டுத்தான் எழுதினார். பின்னாளில் அதைப் பற்றி அவரே கட்டுரை எழுதி, தன் முடிவைத் திரும்ப யோசித்தும் பார்த்தார்.

பாப்பாவுக்கு அந்தச் சிக்கலே வரவில்லை. ‘எஸ்ட்ராவன்னு ஒருத்தர். பிரதம மந்திரி. வந்தார், சாப்பாடு போட்டார்’ என்று அவள்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். ‘அவர்’ என்பதில் ஆணா பெண்ணா தெரியாது, வினையிலும் தெரியாது. ஆகா, தமிழுக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி என்று நான் நினைத்த நேரத்தில் சார் குறுக்கே வந்தார். ‘ஏம்மா, அந்த ஆள் ஏமாத்துறவன் மாதிரி இருக்கான்னு நீதானே சொன்ன? அவனுக்கு எதுக்கு ‘ர்’?’

சிக்கலே அங்கேதான். தமிழில் மரியாதையை எடுத்தால் உடனே பால் தெரிந்துவிடுகிறது. ‘வந்தார்’ வேண்டாமென்றால் ‘வந்தான்’ அல்லது ‘வந்தாள்’. நடுவில் நிற்க இடமில்லை. பாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்போ குழந்தைக்குச் சொல்ற மாதிரி அதுன்னு சொல்றேன் சார். எஸ்ட்ராவன் வந்துச்சு’ என்றாள். இரண்டே வாக்கியத்தில் அவளே நிறுத்திவிட்டாள். பிரதம மந்திரி பூனைக்குட்டி ஆகிவிட்டார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: அந்தக் கிரகத்தில் ராஜாவிலிருந்து சமையல்காரர் வரை, திருடர் உட்பட, எல்லோருக்கும் ‘ர்’. அதன் பிறகு அந்தக் கதையில் யாரையும் கேவலமாகப் பேசவே முடியவில்லை. பாப்பா முடித்ததும் நான் அதைப் படித்தேன். என் காதில் அத்தனை பேரும் ‘வந்தார், போனார்’ என்றுதான் நடமாடினார்கள்.

ஆன் லெக்கியின் ‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ (2013) நாவலில் எல்லோருக்கும் ‘ஷி’. அதைத் தமிழில் சொல்ல நான் முயன்றது பெரிய தோல்வி, விட்டுவிடுகிறேன்.

சார் சீன எழுத்தாளர் லியூ சிஷினின் மூன்று சூரியன் கதையைப் படித்தார்; 2008-இல் சீன மொழியில் நூலாக வந்து, 2014-இல் கென் லியூ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அடுத்த வருடமே ஹ்யூகோ விருது வாங்கிய நாவல். சார் ரயில்வேயில் வேலை பார்த்தது டைம்டேபிள் பிரிவில். ஒரு சூரியன் இருந்தாலே வண்டி நேரத்துக்கு வராது, மூன்று இருந்தால் எப்படி வரும் என்று ஒரு மாலை முழுக்க அதையே பேசினார். ஒருவன் இன்னொருவனை இழுக்கிறான் என்றால் கணக்குப் போட்டுவிடலாம், மூன்று பேர் மாற்றி மாற்றி இழுத்தால் எல்லாச் சூழலுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு சூத்திரம் எழுத முடியாது என்பதை மூன்று டீ கிளாஸை வைத்து விளக்கினார். எனக்குப் பள்ளியில் இப்படி ஒரு வாத்தியார் இருந்திருக்கலாம்.

இதே சார்தான் எங்கள் பழக்கம் ஒன்றும் புதிதில்லை என்று காட்டியவரும். பாப்பா முதல்முறையாக சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ படிக்க எடுத்தாள். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. நாம் இப்போது வாழ்கிற இதே 2020-களில் நடப்பதாக சுஜாதா எழுதியிருப்பார். பேசுகிற, புத்தகம் படிக்கிற ஜீனோ என்ற இயந்திர நாய் வரும். அவள் சொல்லச் சொல்ல, சார் அடுத்த வாரம் ஒரு துணிப்பையில் பழைய பைண்டு புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். விகடனிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கடையில் கொடுத்துத் தைத்தது. அட்டை காக்கி, முதுகில் சிவப்புத் துணி. ஓரமெல்லாம் ராமபாணம் அரித்துச் சல்லடை. சில பக்கங்களின் பின்னால் பாதி ஜோக், பாதி புடவை விளம்பரம்.

‘அப்பல்லாம் ஊர் மொத்தமும் ஒரே அத்தியாயத்துல நிக்கும்மா’ என்றார். ஆபீஸில், ரயிலில், மாடிப்படியில் யாரிடம் பேசினாலும் எல்லோருக்கும் அந்த வாரம் வரைக்கும்தான் தெரியும். முன்னால் ஓடியவன் ஒருவனும் கிடையாது, எழுதியவரைத் தவிர. நாங்கள் நான்கு பேர் விதி போட்டுச் சண்டை போட்டுக் கொண்டுவந்ததை ஒரு வாரப் பத்திரிகை சும்மா கொடுத்திருக்கிறது.

அந்த பைண்டில் ஒரு வாரம் குறைந்தது. பக்கத்து வீட்டில் வாங்கிப்போன இதழ் திரும்பி வரவில்லையாம். அடுத்த வாரச் சுருக்கத்தைப் படித்துச் சமாளித்ததோடு சரி, பிறகு புத்தகமாக வந்தபோதும் வாங்கவில்லை. பாப்பா தன் புதுப் பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் தேடி எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினாள். பெசன்ட் நகர் கடற்கரையில், காற்றில் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அந்த வாரம் அவருக்கு வந்து சேர்ந்தது. ‘ம்ம்’ என்றார். குட்டையா நீளமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பெரிய குறை, சொல்வதற்காகவே படிக்க ஆரம்பிப்பது. ஞாயிற்றுக்கிழமைக்குச் சரக்கு வேண்டுமே என்று சனிக்கிழமை ராத்திரி இரண்டு அத்தியாயம் அவசரமாக விழுங்கியிருக்கிறேன். சொல்ல வசதியான காட்சிகள் மனதில் நிற்கின்றன, மெதுவாக நகர்கிற பகுதிகள் கை நழுவுகின்றன. இதற்கு வழி கண்டுபிடிக்கவில்லை. பாதியில் கைவிட்ட புத்தகங்களும் கூடிவிட்டன. ஒரு கதையை ஐந்து வாரம் சொல்லி முடித்தபோது எனக்கே தெவிட்டி, ஆறாவது வாரம் அதைத் தொடவில்லை.

இரவல் இன்னொரு தலைவலி. மழைக்காலத்தில் போன புத்தகம் வடகம் மாதிரி திரும்பி வரும். இணையக் கடை ஒன்றில் மூன்று பாக வரிசை ஒன்றுக்கு ஆர்டர் போட்டு, முதல் பாகமும் மூன்றாம் பாகமும் வந்து, இரண்டாம் பாகம் நான்கு மாதம் கழித்து வந்ததும் உண்டு. ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சிக்குப் போய் ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன் தமிழில் என்ன இருக்கு?’ என்று கேட்டால், ஒரு ஸ்டாலில் சிறுவர் பகுதியைக் காட்டினார்கள், இன்னொரு ஸ்டாலில் பொது அறிவுக் களஞ்சியத்தை எடுத்து நீட்டினார்கள்.

செலவு அதிகமில்லை. பாதிக்கு மேல் லைப்ரரி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் எனக்குப் பறக்கும் ரயிலில் ஆறாவது ஸ்டேஷன். உள்ளே பேச முடியாது, அதனால் வெளியே வந்து டீக்கடை. இ-ரீடருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. அந்தத் திரைக்குப் பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் தேவை, மாறிய பக்கம் சும்மாவே நிற்கும். இ-ரீடரின் உள்விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து ஒரு நாவலை முடித்தேன். கீழே தண்ணீர் நின்றது. ஃபோனில் சிக்னல் இல்லை. முடித்துவிட்டதால் விதிப்படி அதைப் பற்றி யாரிடமும் பேசவும் முடியவில்லை. அந்த ஒரு தடவை மட்டும் விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டேன், மூன்று பேரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது நானும் தம்பியும் ஒரே புத்தகத்தில் இருக்கிறோம். இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’. 2023-இல் வந்து நெபுலா விருது வாங்கியது. குழந்தை பிறந்த உடனே தாய் அதன் நிழலைப் பித்தளை ஆணியால் தரையோடு அறைந்து பிய்த்து எடுத்துவிடுகிறாள், அங்கே தொடங்குகிறது. இதைச் சொன்னதும் சார், பித்தளை எதற்கு, இரும்பு ஆணி என்றால்தானே காத்து கருப்பு அண்டாது, எங்கள் ஊரில் உலக்கையைத்தான் குறுக்கே போடுவார்கள் என்று தொடங்கி அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். தம்பி மட்டும் ஒன்றும் பேசாமல் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் எங்கேயோ போய்விட்டான். நான் ஏழாவது அத்தியாயம். வரும் ஞாயிறு முதலில் பேச வேண்டியது நான்தான்.